பங்குக்கு நாற்பது

சையத் இப்ராஹிமின் கை நல்ல கை. எந்த ஊமை ரேடியோவைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் சாயங்காலத்துக்குள் பாட வைத்துவிடுவான். வாய்தான் கொஞ்சம் நீளம். நாகலூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய அவன் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு ரிப்பேரே கிடையாது. ஊர்ச் சங்கதி நாலு கேட்டுவிட்டுப் போகலாம் என்றுதான் வருவார்கள். அவனும் குறை வைக்க மாட்டான். அந்த வாய் தொண்ணூற்றைந்தாம் வருஷம் தை மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், ஒரே ஒரு சொல்லில் வழுக்கியது. வழுக்கியதோடு போயிருந்தால் பரவாயில்லை, ஊரையே இழுத்துக்கொண்டு வழுக்கியது.

விஷயம் அமலியைப் பற்றியது. கிளியூர்க்காரி. சேலத்தில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவள். வயது முப்பது ஆகப்போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மழை நாளில் குடையை மடக்கிக்கொண்டு கடைக்குள் வந்தாள். வேலை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று இப்ராஹிம் நினைத்தான்.

"சம்பளம் வேண்டாமுங்கண்ணா. பின்னாடி ரூமும் கரண்டும் குடுத்தீங்கன்னாப் போதும். வர்ற டிவி ரிப்பேரெல்லாம் நான் பாத்துக் குடுத்தர்றேன்" என்றாள்.

டிவி ரிப்பேர் இப்ராஹிமுக்கு அப்போது சுத்தமாக வராது. சரி என்று சாவியைக் கொடுத்துவிட்டான். வாழ்க்கையில் அவன் வாயை மூடிக்கொண்டு செய்த நல்ல காரியங்களில் அது ஒன்று.

பின்னறையில் அவள் செய்தது ஓர் ஈரம் பார்க்கும் பெட்டி. காப்பிக்கொட்டை காய்ந்துவிட்டதா இல்லையா என்பதைச் சேர்வராயன் மலையில் பல்தான் சொல்லிக்கொண்டிருந்தது. களத்திலிருந்து ஒரு கொட்டையை எடுத்துக் கடிக்க வேண்டும். பல் பதிந்தால் ஈரம், டக்கென்று உடைந்தால் காய்ந்தது. பெரிய எஸ்டேட்டுகளில்கூட இதே கதைதான். அமலி என்ன செய்தாள்? பெரிய எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் சின்ன டம்ளர் ஒன்றைத் தொடாமல் நிறுத்தினாள். இரண்டுக்கும் நடுவில் கொட்டையை நிரப்பி மின்சாரம் கொடுத்தால், ஈரத்துக்குத் தகுந்தபடி அளவு மாறும். அந்த அளவு பெட்டியின் முகப்பில் சிவப்பு எண்ணாக எரியும். காப்பி குடிக்கிற டம்ளரிலேயே காப்பியை அளந்துவிட்டாளே என்று இப்ராஹிம் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனான்.

எண் எரிவது பெரிதில்லை. அது மெய்யான எண்ணாக இருக்க வேண்டும். அதற்காக அவள் ஏற்காட்டு பேக்கரி ஒன்றில் கெஞ்சிக் கூத்தாடி, ரொட்டி வெந்து முடிந்த அடுப்பில் கொட்டையை வைத்துச் சுட்டாள். சுடுவதற்கு முன் எடை, பின் எடை, குறைந்தது எவ்வளவு, பெட்டி சொன்னது எவ்வளவு என்று எழுதினாள். இப்படி நானூறு தடவை. மூன்று நோட்டு நிரம்பியது. வெயிலில் சரியாகச் சொன்ன பெட்டி, மூடுபனி இறங்கினால் உளறியது. இப்ராஹிமாக இருந்தால் பெட்டியைத் தூக்கிக் கடாசியிருப்பான். அவள் எட்டு மாதம் அந்த உளறலோடு மல்லுக்கட்டினாள். குளிர் எவ்வளவு, சூடு எவ்வளவு என்று பெட்டியே தெரிந்துகொண்டு தன்னைத் திருத்திக்கொள்ளும்படி உள்ளே ஒரு சின்ன வேலை செய்து, கடைசியில் அடக்கினாள். அன்றைக்கு அவள் ஆர்ப்பாட்டம் எதுவும் செய்யவில்லை. ஒரு டீ வாங்கித் தரச் சொன்னாள். அவ்வளவுதான். என்ன பெண் இவள் என்று இப்ராஹிமுக்கு ஆச்சரியம் தாளவில்லை.

பெட்டி வந்துவிட்டது, பணம் வேண்டுமே! ஒன்று செய்ய டம்ளர் போதும், நூறு செய்யப் பட்டறை வேண்டும். பாங்குக்குப் போனார்கள். "சொத்து என்ன இருக்கு?" என்று கேட்டார்கள். "இதுதானுங்க" என்று அமலி பெட்டியை மேஜையில் வைத்தாள். அந்த மானேஜர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

பிறகு ஒரு நாள் சென்னையிலிருந்து வந்த உதிரிப்பாகப் பார்சலைப் பிரிக்கும்போது, சுற்றியிருந்த பழைய இங்கிலீஷ் பேப்பரில் ஒரு விளம்பரத்தை அவள் பார்த்தாள். பெங்களூர்க் கம்பெனி ஒன்று. புதுப்புதுச் சாமான் செய்கிறவர்களுக்குப் பணம் போடுவார்களாம். வென்ச்சர் கேபிடல் என்று அதற்குப் பேர். அடமானம் கிடையாது, வட்டி கிடையாது. தோற்றால் திருப்பித் தர வேண்டாம். ஜெயித்தால், கம்பெனியில் அவர்களுக்கு ஒரு பங்கு.

"தோத்தா வேண்டாம்னா சொல்றான்? அப்பிடியொரு கிறுக்கன் பெங்களூர்ல இருக்கறானா?" என்று இப்ராஹிம் கேட்டான்.

"கிறுக்கனில்லீங்கண்ணா. பத்துப் பேருக்குப் போட்டு, அதுல ஒருத்தன் ஜெயிச்சாப் போதும்னு கணக்கு" என்றாள் அமலி.

பதினெட்டுப் பக்கம் எழுதி அனுப்பினாள். பதில் வந்தது. எட்டு லட்சம் போட யோசிக்கலாம், நாற்பது சதவீதம் பங்கு வேண்டும், ஆள் நேரில் வந்து பார்ப்பார், அதற்குள் ஒரு எஸ்டேட்டிலாவது ஆர்டர் வாங்கி வையுங்கள். அந்தக் கடைசி வரியில்தான் வினை. ஐந்து எஸ்டேட்டுக்கு இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். "எங்க மேஸ்திரி பல்லே போதும்" என்று ஐந்திலும் அனுப்பிவிட்டார்கள்.

இதற்கிடையில் ஓசூர் பேக்டரி ஒன்றிலிருந்து அமலிக்கு வேலை உத்தரவு வந்திருந்தது. செவ்வாய்க்கிழமை சேர வேண்டும். நல்ல சம்பளம், கம்பெனி பஸ், கேன்டீன். பெங்களூர் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறார். அவர் சரி என்றால் அமலி இங்கே இருப்பாள். இல்லை என்றால் திங்கள் காலை ஆறரை பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். பெட்டி இப்ராஹிமின் பரணுக்குப் போகும். இதை அவள் அழாமல் கொள்ளாமல் சொன்னாள். இப்ராஹிம்தான் பரணை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டான்.

அந்த வெள்ளிக்கிழமைதான் சூசைமாணிக்கம் தன் டிரான்சிஸ்டரை வாங்கிப்போகக் கடைக்கு வந்தார். எஸ்டேட்டில் முப்பது வருஷம் கணக்கு எழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது இரண்டு ஏக்கர் காப்பி, அதற்கு மேல் கோயில் காரியம். நாகலூர்ச் சர்ச்சின் ஓட்டுக்கூரை மழைக்கு ஒழுகுகிறது என்று மூன்று வருஷமாக வசூல் நோட்டோடு அலைகிறவர்.

"என்ன பாய், முகம் ஒரு மாதிரியா இருக்குது?" என்று கேட்டார்.

கேட்டால் போதாதா நம் ஆளுக்கு? கையில் ஈயம் பற்றவைக்கிற அயர்ன், கண் டிரான்சிஸ்டரில், மனசு ஞாயிற்றுக்கிழமையில். வாய் மட்டும் தன் பாட்டுக்கு ஓடியது. "ஞாயித்துக்கிழமை பெங்களூர்ல இருந்து ஆள் வர்றாருங்க, ரைட்டரய்யா. எட்டு லட்சமுங்க. அதுல நாப்பது பர்சண்ட்டு பங்குக்குன்னு காயிதத்துலயே எழுதியிருக்குது."

"பங்குக்கா?"

"பங்குக்குத்தானுங்க. அது இல்லாம அவங்க ஒரு பைசா எடுக்க மாட்டாங்க."

சூசைமாணிக்கம் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். "நொம்ப நல்ல மனசு பாய்" என்று சொல்லிவிட்டு, டிரான்சிஸ்டரை மறந்துவிட்டு நடந்தார். மனுஷன் கேலி செய்கிறார் என்று இப்ராஹிம் எடுத்துக்கொண்டான்.

கத்தோலிக்கக் குடும்பங்களில் பங்கு என்றால் ஒரே அர்த்தம்தான். ஒரு கோயிலும் அதைச் சேர்ந்த அத்தனை வீடுகளும் சேர்ந்தது பங்கு. அதற்குச் சாமியார் பங்குச் சாமியார். நாகலூரில் பிறந்து வளர்ந்த இப்ராஹிமுக்கு இது தெரியாதா? நன்றாகவே தெரியும். அன்றைக்கு நினைப்பில் இல்லை, அவ்வளவுதான்.

ஞாயிறு காலை பத்தரைக்குக் குப்பனூர்ப் பாதை வழியாக ஒரு கார் ஏறி வந்தது. கோட்டும் டையுமாக ஒருவர் இறங்குவார் என்று இப்ராஹிம் காத்திருந்தான். இறங்கியவர் அரைக்கைச் சட்டை போட்டிருந்தார். பேர் பெரியண்ணன். ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், பெங்களூருக்குப் போய்ப் பதினைந்து வருஷம் ஆகிறது. பின்னறையில் ஸ்டூலில் உட்கார்ந்து, மூன்று நோட்டையும் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். டம்ளரைப் பார்த்துச் சிரித்தார். பிறகு நோட்டை மூடி வைத்தார்.

"நேராச் சொல்லிடறேனுங்க. மிஷினு அருமையான மிஷினு. உங்க ரிப்போர்ட்டப் படிச்சு எங்க ஆபீஸ் இன்ஜினியருங்க ரெண்டு பேரும் அசந்துட்டாங்க. ஆனா நாங்க மிஷினுக்குப் பணம் போடறதில்லீங்க. வாங்கற ஆளைப் பாத்துத்தான் போடறது. அஞ்சு எஸ்டேட்டுலயும் வேண்டாம்னுட்டாங்க. அப்பறம் யாருங்க வாங்குவாங்க?"

அமலி மூன்று நோட்டையும் எடுத்து அடுக்கி வைத்தாள்.

"லெட்டர் டைப் பண்ணிப் பையிலயே வெச்சிருக்கறேன். தபால்ல போட்டிருக்கலாம். நம்மூருப் புள்ளைங்க, நேர்ல சொல்றதுதான் மரியாதைன்னு வந்தேன்" என்றார் பெரியண்ணன். அவர் குரலிலும் வருத்தம் இருந்தது.

அப்போதுதான் வெளியே தப்பு மேளச் சத்தம் கேட்டது.

இப்ராஹிம் எட்டிப் பார்த்தான். பூசை முடிந்து அறுபது பேர் கோயிலிலிருந்து நேராக வந்துகொண்டிருந்தார்கள். பங்குச் சாமியார் அடுத்த ஊர்ப் பூசைக்குப் பைக்கில் போய்விட்டதால் கேட்பாரில்லை. முன்னால் சூசைமாணிக்கம், சலவை வேட்டியில், கையில் ஒரு சாமந்தி மாலை, கக்கத்தில் ஒரு மனு. உள்ளே வந்தார். பெரியண்ணன் எழுந்திருப்பதற்குள் மாலையைக் கழுத்தில் போட்டுவிட்டார்.

"ஐயா, எங்க பங்குக்கு நாப்பது பர்சண்ட்டு ஒதுக்குன மகராசன் நீங்கதானுங்களா?"

"பங்கா? ஆமாங்க, நாப்பதுதான் கேட்டோம். ஆனா..."

"நாங்க கேக்காமயே நீங்க கேட்டிருக்கீங்க பாருங்க, அதுதான் மனசு! மூணு லட்சத்து இருபதாயிரம் வருதுங்க. கூரைக்கு ஒண்ணே முக்கால் போதும். மிச்சத்துல ஒரு பெரிய மணி வாங்கிக்கறோம்."

வெளியே தப்பு இன்னும் கொஞ்சம் ஓங்கியது. இப்ராஹிமுக்கு அப்போதுதான் உறைத்தது. யா அல்லா, வெள்ளிக்கிழமை நான் என்ன சொல்லித் தொலைத்தேன்! அமலி அவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவனைப் போல மெல்லக் கையைத் தூக்கினான்.

"நாந்தான் அம்மிணி. வாய் தவறிப்போச்சு" என்றான்.

வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கு அவன் கழுத்தைப் பிடித்திருப்பார்கள். அமலி ஒரு நிமிஷம் கண்ணை மூடித் திறந்தாள். பிறகு வெளியே போய் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். தப்பு நின்றது.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. பங்குன்னா இங்க கோயில் பங்கு இல்லீங்க. கம்பெனியில எனக்குப் பாதி, உனக்குப் பாதின்னு பிரிக்கறமுல்ல, அந்தப் பங்கு. தப்பு எங்க பேர்லதான். கூரைக்குக் குடுக்க எங்ககிட்ட ஒண்ணுமில்லீங்க. இவரு எங்களுக்கே இல்லைன்னு சொல்லிட்டுப் போகத்தான் வந்திருக்காரு."

கூட்டத்தில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. சூசைமாணிக்கம் மனுவை நாலாக மடித்துப் பையில் வைத்தார். அவர் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் இப்ராஹிமுக்குத் தேவலாம் போலிருந்தது.

திட்டுவதற்குச் செல்வமேரி இருந்தாள். ஒன்றரை ஏக்கர் காப்பிக்காரி. அவள் பேசினால் பஸ் டிரைவர்கூட எஞ்சினை நிறுத்திவிட்டுக் கேட்பான். "அப்ப மாலை வாங்குன காசு தெண்டமா? ஏனுங்க பாய், நாக்கா அது, என்னது? சரி, அது கெடக்கட்டும். பெங்களூர்ல இருந்து காரு போட்டுக்கிட்டு வந்து இல்லைன்னு சொல்லிட்டுப் போற அளவுக்கு அப்பிடி என்னத்தம்மா உள்ள செஞ்சு வெச்சிருக்கறீங்க?"

"காப்பிக்கொட்டையில ஈரம் பாக்கற பொட்டிங்க்கா."

"அதுக்குப் பல்லு இருக்குதே?"

"பல்லு தோராயமாத்தான் சொல்லுமுங்க்கா. இது நம்பராச் சொல்லும்."

செல்வமேரி இடுப்பில் கை வைத்தாள். சிறு விவசாயிகள் காப்பியைக் காப்பி போர்டுக்குக் கொடுக்காமல் வெளியில் விற்றுக்கொள்ளலாம் என்று சட்டம் தளர்ந்த புதுசு அது. ஜீப்பில் வியாபாரிகள் மலையேறி வந்துகொண்டிருந்தார்கள். "நேத்து ஜீப்புக்காரன் எங்கூட்டுக் கொட்டையக் கடிச்சுத் துப்பிட்டு, ஈரம்னு சொல்லி மூட்டைக்கு நாலு கிலோ கழிச்சான். பன்னெண்டு நாள் காஞ்ச கொட்டை அது. அவன் பல்லுக்கு எந்தக் கொட்டைதான் காஞ்சிருக்குது? இருங்க, வர்றேன்" என்று விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள்.

திரும்பி வரும்போது இரண்டு கைக்குட்டை முடிச்சு கொண்டுவந்தாள். "இது எங்கூட்டுது. இது பக்கத்தூட்டுது. எது ஈரம்னு சொல்லட்டும் பாப்போம்."

அமலி பெட்டியை வெளியே மேஜைக்குக் கொண்டுவந்தாள். முதல் முடிச்சை டம்ளரில் கொட்டினாள். 11.2 என்று சிவப்பாக எரிந்தது. இரண்டாவது முடிச்சைக் கொட்டினாள். 11.3.

"ரெண்டும் ஏறக்குறைய ஒண்ணுதானுங்க்கா. ரெண்டும் நல்லாக் காஞ்சிருக்குது" என்றாள்.

செல்வமேரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ரெண்டும் ஒரே மூட்டை! பக்கத்தூட்டுதுன்னு சும்மா சொன்னேன். பொட்டி பொய் சொல்லல!" என்று கத்தினாள். அடுத்த மூச்சிலேயே, "அப்ப அந்த ஜீப்புக்காரந்தான் பொய் சொல்லியிருக்கறான், பேதில போறவன்!" என்றாள்.

பெரியண்ணன் கழுத்தில் மாலையோடு வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலையைக் கழற்ற அவருக்கு ஞாபகமில்லை.

அதற்குப் பிறகு யார் நின்றார்கள்? ஆளாளுக்குக் களத்தைப் பார்த்து ஓடினார்கள். முந்தானையில், டிபன் தூக்கில், சட்டைப் பையில், பூசைக்குப் போட்டு வந்த தொப்பியில் என்று கொட்டையை அள்ளிக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். நாலாவது ஆள் கொட்டிய நேரம் பார்த்துக் கரண்டு போயிற்று. பெட்டி இருண்டது. ஞாயிற்றுக்கிழமை போன கரண்டு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வரிசை முனகியது.

அமலி சுற்றிலும் பார்த்தாள். அவள் கண் ஓரிடத்தில் நின்றது. "சார், உங்க காரு பேட்டரியக் கொஞ்சம் எடுத்துக்கலாமுங்களா?"

டிரைவர் முடியாது என்று கையை ஆட்டினான். பெரியண்ணன் தாமே போய் பானெட்டைத் திறந்தார். இப்ராஹிம் ஒயரைச் சீவினான், அமலி உள்ளே ஒரு இணைப்பை மாற்றிப் பற்றவைத்தாள். பத்து நிமிஷத்தில் எண் மறுபடி எரிந்தது. இல்லை என்று சொல்ல வந்தவர் முதலில் பேட்டரியைப் போட்டுவிட்டார் என்று சொல்ல இப்ராஹிமுக்கு நாக்கு துறுதுறுத்தது. நல்ல வேளை, கடித்துக்கொண்டான்.

சூசைமாணிக்கம் கடைசியாக வந்தார். எஸ்டேட்டில் ரைட்டராக இருந்த காலத்தில் அவர் பல்லுக்குப் பெரிய மதிப்பு. அவர் கடித்துச் சரி என்றால்தான் மூட்டை கட்டுவார்கள். அவர் கொட்டைக்குப் பெட்டி 15.8 என்றது.

"இது தப்பு. காலையிலதான் கடிச்சுப் பாத்தேன். நல்லாக் காஞ்சிருக்குது" என்றார்.

"இன்னும் ரெண்டு மூணு நாள் வெயில் காட்டுங்க. இப்படியே மூட்டை கட்டுனாப் பூசணம் பூத்துருமுங்க" என்றாள் அமலி.

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. சூசைமாணிக்கம் டம்ளரிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து இடது பக்கம் கடித்தார். யோசித்தார். இன்னொன்றை எடுத்து வலது பக்கம் கடித்தார். எடுத்துப் பார்த்தார். அதில் பல் தெளிவாகப் பதிந்திருந்தது.

"இடது பக்கப் பல்லு ரெண்டு வருஷமா ஆடுதுங்க. அதை நம்பிட்டிருந்திருக்கறேன்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அவ்வளவு பெரிய மனுஷன் அத்தனை பேருக்கு முன்னால் இப்படிச் சொன்னதை நினைத்து இப்ராஹிமுக்குக் கண் கலங்கியது.

பெரியண்ணன் தம் டைரியில் எழுதிக்கொண்டே வந்திருந்தார். நாற்பத்தோரு பேர் அளந்திருந்தார்கள். காய்ந்த கொட்டைக்கு எடை கழிபட்டவர்கள் அதில் இருபத்தெட்டுப் பேர்.

"ஏனுங்க அமலி, எஸ்டேட்டு எஸ்டேட்டுன்னு பதினெட்டுப் பக்கம் எழுதியிருக்கறீங்க. இவங்களப் பத்தி ஒரு வரி இல்லையே?"

"ஒரு பொட்டி ஒம்பதாயிரம் ஆகுதுங்க சார். இவங்கள்ல யாருங்க வாங்க முடியும்?"

அது நியாயம்தான். பெரியண்ணன் டைரியை மூடப்போனார்.

"ஒருத்தரு வாங்க முடியாதுங்க. பங்கு வாங்கும்" என்றது ஒரு குரல்.

சூசைமாணிக்கம் பையிலிருந்து மனுவை எடுத்தார். நாலு மடிப்பையும் பிரித்து மேஜையில் நீவினார். கூரை என்று எழுதிய பக்கத்தைக் கவிழ்த்துப் போட்டு, முப்பது வருஷம் செக்ரோலில் கூலிக்கணக்கு எழுதிய முத்து முத்தான கையெழுத்தில் பின்பக்கம் எழுதினார். நாகலூர்ப் பங்கு மக்கள் பொது உபயோகத்துக்காக, ஈரம் பார்க்கும் பெட்டி ஒன்று. தேதி. கையொப்பம்.

"கூரை வசூல்ல வாங்கிக் கோயில் வராண்டாவுல வெச்சிரலாம். யாரு வேணா வந்து பாத்துக்கட்டும். கூரை மூணு வருஷம் ஒழுகுச்சு, இன்னொரு வருஷம் ஒழுகட்டும். சாமியார் வந்தா என்னைத் திட்டுவாரு. திட்டிப்போட்டுச் சரிம்பாரு" என்றார். தாள் கைமாறிப் போய்க்கொண்டே இருந்தது. நாற்பத்தோரு கையெழுத்து, அதில் ஒன்பது கைநாட்டு.

"அப்ப மத்த ஊருப் பங்கெல்லாம்?" என்று ஒருவர் கேட்டார். "மாரியம்மன் கோயிலுக்கு ஒண்ணு வேண்டாமா?" என்றார் இன்னொருவர். "பள்ளிவாசலுக்கு நான் பேசறேன்!" என்று இப்ராஹிம் குறுக்கே விழுந்தான். இந்த மலையில் எத்தனை ஊர், கொல்லிமலையில் எத்தனை, குடகில் எத்தனை என்று பெரியண்ணன் டைரியில் மறுபடி எழுத ஆரம்பித்தார். பேனா நிற்கவில்லை.

கிளம்பும்போது அவர் அமலியிடம் சொன்னார். "கார் பேட்டரி இல்லாம, டார்ச் பேட்டரியில ஓடோணும். விலை பாதியாகோணும். முடியுமுங்களா?"

"முடியுமுங்க" என்றாள். யோசிக்கக்கூட இல்லை.

"நான் வாக்குக் குடுக்க முடியாதுங்க. மேல கமிட்டி இருக்குது. அவங்க என்ன சொல்லுவாங்கன்னு தெரியாது. ஆனா இல்லைன்னு சொல்ல வந்தவன் அதைச் சொல்லாமப் போறேன்." மாலையோடு காரில் ஏறிப் போய்விட்டார்.

அங்கேதான் சிக்கல். அவர் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஓசூர் பஸ்ஸோ காலை ஆறரைக்கு. சாயங்காலம் அமலி நோட்டுகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு கிளியூருக்குக் கிளம்பினாள். என்ன முடிவு என்று இப்ராஹிம் கேட்கவில்லை. கேட்க அவனுக்கு என்ன யோக்கியதை? மாதச் சம்பளத்தை விட்டுவிட்டு நாற்பத்தோரு கையெழுத்தை நம்பு என்று எந்த வாயால் சொல்வது?

திங்கட்கிழமை எட்டு மணிக்குக் கடையைத் திறந்தான். பின்னறைப் பக்கம் போகவே மனசில்லை. பெட்டியைப் பரணில் ஏற்ற வேண்டுமே என்று ஏணியைத் தூக்கிக்கொண்டு போனான்.

பூட்டு திறந்திருந்தது. உள்ளே அமலி பெட்டியை அக்கக்காகக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சூடான அயர்னுக்கு அடியில் ஒரு தாள், ஓரம் கருகி. ஓசூர் வேலை உத்தரவுதான் அது.

"பஸ்ஸு?" என்றான்.

"போயிருக்குமுங்கண்ணா."

"அம்மிணி, கமிட்டி வேண்டாம்னுட்டா?"

"பங்கு ஆர்டர் குடுத்திருக்குதுங்கண்ணா. மழைக்கு முன்னால செஞ்சு குடுக்கோணும். ஏணி எதுக்குங்க? அதை வெச்சுப்போட்டு நாலு டார்ச் பேட்டரி வாங்கிட்டு வாங்க."

இப்ராஹிம் ஓடினான். நாற்பது வயசு ஆளு ரோட்டில் அப்படி ஓடி நாகலூர் பார்த்ததில்லை.

பெங்களூர்க் கடிதம் அதற்கப்புறம் இருபத்து மூன்று நாள் கழித்து வந்தது. கமிட்டி சம்மதித்திருந்தது. அவர்களுக்கு நாற்பது சதவீதம் பங்கு. மீதி அறுபதை யார் யார் பேரில் எழுத வேண்டும் என்று பத்திரத்தில் இடம் விட்டிருந்தார்கள். அமலி பேனாவை எடுத்து, தன் பேருக்கு நேரே முப்பது என்று போட்டாள். அடுத்த வரியில் சையத் இப்ராஹிம் என்று எழுதி, அதற்கு நேரேயும் முப்பது என்று போட்டாள்.

"ஐயோ, எனக்கெதுக்கு அம்மிணி? ரூம் குடுத்தேன், ஒயர் சீவுனேன். மத்தபடி நான் செஞ்சதெல்லாம் ஒரு சொல்லைத் தப்பாச் சொன்னதுதானே?"

"அந்த ஒரு சொல்லுதானுங்கண்ணா அத்தனை பேரையும் வாசலுக்குக் கூட்டிட்டு வந்துச்சு. அது இல்லைன்னா நான் இன்னிக்கு ஓசூர்ல இருந்திருப்பேன்" என்றாள். பத்திரத்தை அவன் பக்கம் திருப்பி, கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.

இப்ராஹிம் பேனாவை வாங்கினான். அன்றைக்குச் சாயங்காலம்வரை அவன் கடையில் ஊர்ச் சங்கதி கேட்க வந்தவர்களுக்கு ஒரு வார்த்தைகூடக் கிடைக்கவில்லை.